மாவு மில்லில் தேறிய பிக்கப்

இசக்கிப்பாண்டியின் மைக்செட்டைக் குறை சொல்லச் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆள் கிடையாது, ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவருக்குப் பதில் சொல்ல இசக்கிப்பாண்டியிடம் வாயும் கிடையாது.

நடந்தது இதுதான். எழுபத்தேழாம் வருஷம் மேலநீலிதநல்லூரில் வள்ளித்தாயின் மூத்த மகளுக்குக் கல்யாணம். வள்ளித்தாயின் அண்ணன் செல்லச்சாமி, பெண்ணுக்குத் தாய்மாமன், இளையரசனேந்தலிலிருந்து சீர் கொண்டுவந்தார். அந்தப் பக்கத்துச் சம்சாரிகளுக்குத் தாய்மாமன் சீர்தான் பாதிக் கல்யாணம். வேட்டுச் சத்தம் காதைப் பிளக்க, மேளம் முழங்க, தாம்பாளங்களோடு மாமன் வீட்டார் பந்தலுக்குள் நுழைய வேண்டும். அந்த நேரத்துக்கென்றே எடுத்து வைத்திருக்கும் பாட்டை மைக்செட்காரன் போட வேண்டும். இசக்கிப்பாண்டியும் போட்டான். மேளக்காரர்கள் வந்த வேகத்தில் செட்டு இருந்த பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்று குதித்து ஆடினார்கள். பெஞ்சு அதிர்ந்தது. ரிகார்டு பிளேயரில் முள் துள்ளி, வந்த வழியிலேயே திரும்பி விழுந்து, பாட்டின் அரை வரியையே மறுபடி மறுபடி பாடத் தொடங்கியது.

மாப்பிள்ளை வீட்டு வரிசையில் யாரோ சிரித்தார்கள். கல்யாண வீட்டில் ஒருவர் சிரித்தால் போதாதா? பந்தலே சிரித்தது. சீர் கொஞ்சம் குறைச்சல்தான் என்று அவர்களிடையே முன்பே முணுமுணுப்பு இருந்தது. அது செல்லச்சாமியின் காதுக்கும் எட்டியிருந்தது. தங்கச்சி வீட்டில் ஆள் வைத்துத் தன்னைக் கேலி பண்ணுகிறார்கள் என்று அவர் அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டார். தாம்பாளத்தைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வள்ளித்தாய் தெருமுனை வரை ஓடிக் கையைப் பிடித்தும் நிற்கவில்லை. மாமன் செய்ய வேண்டிய முறையைத் தூரத்துச் சொந்தத்தில் யாரோ ஒருவர் செய்ய, கல்யாணம் நடந்து முடிந்தது. அன்றிலிருந்து அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

ஊரார் செல்லச்சாமியை முன்கோபி என்றார்கள். இசக்கிப்பாண்டி மட்டும் அதற்குத் தலையாட்டவில்லை. துள்ளியது தன்னுடைய முள் அல்லவா. உடன்பிறந்தவர்களைப் பிரித்தவன் என்ற நினைப்பு, சாப்பிட உட்காரும்போதுகூட அவனை விடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு வைகாசி மாதக் காலையில், வள்ளித்தாய் அவன் கடை வாசலில் வந்து நின்றாள். இளைய மகளுக்கு ஆனியில் கல்யாணமாம். செட்டு வேண்டுமாம். ஊரில் வேறு நல்ல செட்டுகள் இருக்கின்றன, நானே பேசி ஏற்பாடு செய்து தருகிறேன் என்று இசக்கிப்பாண்டி மன்றாடினான். வள்ளித்தாய் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"வேற செட்டக் கூப்பிட்டா, அன்னைக்கு நீ வேணும்னுதான் செஞ்சேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா தம்பி," என்றாள். "எங்க அண்ணன் வீட்ல போயி பத்திரிகை வச்சிட்டு வந்துட்டேன். அவுக ரூம்பை விட்டு வெளிய வரல. அதே செட்டுதான் வருதுன்னு கதவைப் பாத்துச் சொல்லிட்டு வந்துட்டேன். வந்தா வரட்டும். வந்தாகன்னா, அந்தப் பாட்டு முழுசா ஓடணும். அது உன் பொறுப்பு."

அவள் போன பிறகும் இசக்கிப்பாண்டி அப்படியே நின்றுகொண்டிருந்தான். என்ன மனுஷி இவள் என்று மலைப்பாக இருந்தது. இன்னொருத்தியாக இருந்தால் அவன் கடை இருக்கும் தெருவுக்கே வந்திருக்க மாட்டாள்.

டேப் ரிகார்டர் அப்போதே வந்துவிட்டது. ஆனால் கல்யாண வீட்டில் இசைத்தட்டு சுற்றினால்தான் மரியாதை. தட்டின் மேல் முள்ளைத் தாங்கிக்கொண்டு மெல்ல உள்ளே நகருமே ஒரு கை, அதைத் தொழிலில் பிக்கப் என்பார்கள். முள் துள்ளாமல் இருக்க அந்தப் பிக்கப்பின் தலையில் ஒரு காசை வைப்பது எல்லா மைக்செட்காரர்களுக்கும் பழக்கம். காசின் கனத்தில் முள் கொஞ்சம் அடங்கும், ஆனால் தட்டு சீக்கிரம் தேய்ந்துபோகும். அன்றைக்கும் காசு தலையில்தான் இருந்தது. மேளக்காரன் குதித்த குதியில் காசும் சேர்ந்து துள்ளியதை இசக்கிப்பாண்டி தன் கண்ணாலேயே பார்த்திருந்தான். ஆகவே காசை நம்பிப் பிரயோஜனமில்லை. வேறு பிக்கப் வேண்டும்.

கடைகளில் புதிதாக வந்ததெல்லாம் பிளாஸ்டிக். தும்மினால் துள்ளும். பழைய காலத்துப் பிக்கப்தான் சரி, அதுவும் கரிவலம்வந்தநல்லூர் மாவு மில் பேச்சித்தாயிடம்தான் கிடைக்கும் என்று ரேடியோ ரிப்பேர் கடை இப்ராஹீம் சொன்னார். மாவு மில்லுக்கும் பிக்கப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இசக்கிப்பாண்டிக்கு விளங்கவில்லை. போய்ப் பாரும், விளங்கும் என்று இப்ராஹீம் சிரித்தார்.

போனதும் விளங்கிவிட்டது. மில்லுக்கு அரைக்க வருகிற பெண்களுக்குள் வரிசைச் சண்டை தீராத சண்டை. குடுமிப்பிடி வரை போகும். பாட்டுப் போட்டால் சண்டை குறைகிறது என்று பேச்சித்தாய் கண்டுபிடித்து, ஒரு பிளேயர் வாங்கி வைத்தாள். ஆனால் இன்ஜின் ஓடுகிற கட்டடத்தில் எந்த முள் நிற்கும்? வாங்கிய பிக்கப் எல்லாம் துள்ளியது. சண்டை நிற்க வேண்டுமென்று தொடங்கிய காரியம், நல்ல பிக்கப் எது என்று தேடுகிற பித்தாக முடிந்தது. மதுரைக்கு, மதராஸுக்கு, கொழும்புக்கு என்று யார் போனாலும் பழைய பிக்கப் ஒன்று வாங்கி வரச் சொல்லி அனுப்புவாள். ஐம்பது வயது இருக்கும். புருவத்திலும் இமையிலும் மாவு. அவ்வளவு இரைச்சலிலும் அவள் குரல் தனியாகக் கேட்டது.

வந்த காரணத்தை இசக்கிப்பாண்டி ஒளிக்காமல் சொன்னான். அண்ணன், தங்கச்சி, சிரிப்பு, தாம்பாளம், எல்லாவற்றையும் கேட்ட பேச்சித்தாய் இன்ஜினை நிறுத்தச் சொன்னாள். காத்திருந்த பெண்கள் முணுமுணுத்ததை அவள் சட்டை செய்யவில்லை. உள்ளறையிலிருந்து துணி சுற்றிய பொட்டலங்களைக் கொண்டுவந்து, தன் வசம் கொடுப்பதற்கு மூன்று இருப்பதாகவும், எதை எடுப்பதென்பதை இன்ஜின் சொல்லும் என்றும் சொல்லிவிட்டு, பிளேயரைத் தூக்கி மில்லின் வெறுந்தரையில் வைத்தாள்.

முதல் பிக்கப்பைப் பார்த்ததுமே இசக்கிப்பாண்டி மனசைப் பறிகொடுத்துவிட்டான். நீளமாக, அழகாக வளைந்து, முகம் பார்க்கலாம் போல வெள்ளி மினுக்கோடு இருந்தது. அதில் ஒரு பழைய நாதஸ்வரத் தட்டைப் போட்டாள். வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இத்தனை வருஷம் தன் தட்டுகளில் இவ்வளவு இருந்தும் தான் கேட்டதே இல்லையே என்று அவனுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் வெட்கம். இதுவே போதும் என்று வாயெடுப்பதற்குள் பேச்சித்தாய் கையைக் காட்ட, இன்ஜின் உறுமிக் கிளம்பியது. தரை குலுங்கியது. அழகான பிக்கப் தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே வழுக்காக வழுக்கி வந்து நின்றது.

"இது அசையாத வீட்ல இருக்க வேண்டியது," என்றாள் பேச்சித்தாய்.

இரண்டாவது கறுப்பாக, தடியாக இருந்தது. ரேடியோவும் பிளேயரும் சேர்ந்த ஏதோ பழைய ரேடியோகிராம் பெட்டியிலிருந்து கழற்றியது. இன்ஜின் கிளம்பியபோதும் அசையாமல் நின்று பாடியது. இசக்கிப்பாண்டி கைதட்டாத குறை. பேச்சித்தாய் பாட்டு முடிந்ததும் முள்ளைத் தூக்கி, அதன் நுனியை விரலால் தொட்டு அவன் முன்னால் நீட்டினாள். விரலில் கறுப்புத் தூள். இது தட்டை உழுதுவிடும், நாலு கல்யாணத்தில் பாட்டு செத்துப்போகும் என்றாள். உன்னுடைய ஒரு நாள் காரியத்துக்கு இது போதும்தான், ஆனால் தட்டைக் கொல்கிற சாமானைத் தெரிந்தே ஒருவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது என்றும் சொன்னாள். அந்த ஒரு பேச்சிலேயே அவள் மேல் அவனுக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. விற்க எடுத்து வைத்ததை விற்காமல் இருக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

மூன்றாவதைப் பார்த்ததும் அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒடிந்த குடைக்கம்பி மாதிரி நேராக, மெலிசாக, பெயின்ட் போய்ச் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஏதோ ஒரு ரேடியோ நிலையத்தில் கழித்துப் போட்டதாம். பேச்சித்தாய் அதன் தலையைத் தூக்கிவிட்டுத் தன் கையை எடுத்தாள். அது தொப்பென்று விழவில்லை. அவசரமே இல்லாமல், தனக்குத்தானே யோசித்துக்கொண்டு இறங்குவது போல இறங்கித் தட்டைத் தொட்டது. துருப்பிடித்து இறுகிவிட்டது என்று இசக்கிப்பாண்டி நினைத்தான். நினைத்ததைச் சொல்லியும்விட்டான். பேச்சித்தாய் இன்ஜின்காரனுக்குக் கையைக் காட்டினாள்.

இன்ஜின் ஓடியது. பெல்ட் மாட்டி அரவைக்கல் சுற்றும்போது வருகிற பெரிய குலுக்கலும் வந்துபோனது. பிளேயர் குலுங்கியது, தட்டு குலுங்கியது, அவன் உட்கார்ந்திருந்த சாக்கு மூட்டைகூடக் குலுங்கியது. அந்த மெலிசான கை மட்டும் நடுங்கவில்லை. நாதஸ்வரம் ஒரு பிசிறில்லாமல் மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. பேச்சித்தாய் முள் நுனியைத் தொட்டுக் காட்டினாள். தூள் இல்லை. இசக்கிப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மாவு விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டான். அவள் ஒரே வார்த்தையில் விலை சொன்னாள், அவன் மறுவார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டு வந்தான்.

இத்தோடு கதை நல்லபடியாக முடிந்திருக்கலாம். ஆனால் இசக்கிப்பாண்டி மைக்செட்காரன். புழுதிக்காட்டு ஊர்களுக்குப் போய் வருகிற தொழில். கடைக்குள் எந்தச் சாமான் வந்தாலும் முதலில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைப்பது அவர்கள் எல்லாருக்கும் கை வந்த பழக்கம். கல்யாணத்துக்கு முந்தின நாள் விடிந்ததும் புதுப் பிக்கப்பை எடுத்துத் துடைத்தவன், அது திரும்புகிற கழுத்துக் குழியில் தேன் மாதிரி கெட்டியாக ஏதோ பிசுக்கு நிறைந்திருப்பதைப் பார்த்தான். அந்தக் காலத்து அழுக்கு என்று நினைத்து, சந்தோஷமாக மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் கழுவி எடுத்தான்.

பிறகு பிளேயரில் மாட்டிக் கையை விட்டால், அது கல்லாக விழுந்தது. தெருவில் ஒரு லாரி போனது. முள் துள்ளி ஓடியது. அந்தப் பிசுக்குத்தான் அதன் உயிர் என்று இசக்கிப்பாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. கையை அவசரப்படவிடாமல் பிடித்துவைத்திருந்ததே அதுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிளேயரோடு மடியில் தூக்கிவைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கரிவலம்வந்தநல்லூருக்கு ஓடினான்.

பேச்சித்தாய் முதலில் நம்பவில்லை. குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மண்ணெண்ணெய் வாடையை மோந்து பார்த்தாள். பிறகு தலையிலிருந்த மாவெல்லாம் உதிரும்படி சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் திட்டத் தொடங்கினாள்.

"ரேடியோ ஸ்டேசன்ல இருந்து வந்த எண்ணெய்லா அது. இனி எங்கன போயி வாங்குவே? இப்படிக் கழுவுத ஆளு ஒருத்தன் இருப்பான்னு தெரிஞ்சிருந்தா, கழுத்துல சீட்டு எழுதி ஒட்டியிருப்பேன்."

இசக்கிப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நாளைக்குக் காலையில் சீர் வரும் என்று மட்டும் சொன்னான். பேச்சித்தாய் திட்டுவதை நிறுத்தினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். அவள் பார்வை இன்ஜின் பக்கத்துச் சுவரில் தொங்கிய தகர டப்பாவில் போய் நின்றது. குங்கிலியத்தைப் பொடித்து விளக்கெண்ணெயில் காய்ச்சி மில்லில் எப்போதும் வைத்திருப்பார்கள். பெல்ட் வழுக்கினால் அதைத் தடவுவார்கள்.

"பெல்ட்டு நழுவாம இருக்கத்தான் இதைத் தடவுதோம். இந்தக் கைக்கும் அதுதானே வேணும்?" என்றாள்.

முதலில் ஊற்றியது ரொம்பக் கெட்டி. கை பாதியில் நின்றுவிட்டது. அதை வழித்தெடுத்துவிட்டு, அடுப்பில் வைத்து இன்னும் விளக்கெண்ணெய் சேர்த்து, சொட்டு விட்டுப் பார்த்து, மறுபடி காய்ச்சினாள். அரைக்க வந்த பெண்கள் வரிசையை மறந்துவிட்டு அடுப்பைச் சுற்றி நின்றார்கள். கதை மில் முழுக்கப் பரவியிருந்தது. இன்னும் கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும் என்று ஒருத்தி சொல்ல, நாளைக்கு வெயில் ஏறினால் தானாக இளகும், இதுவே போதும் என்றாள் இன்னொருத்தி. பேச்சித்தாய் எல்லாருக்கும் காது கொடுத்தாள். பதம் வந்ததும் ஒரு ஊக்கின் நுனியால் சொட்டுச் சொட்டாகக் குழியில் விட்டாள். கையைத் தூக்கி விட்டபோது, அது பழையபடி யோசித்துக்கொண்டே இறங்கித் தட்டைத் தொட்டது. அதோடு அவனை விட்டாளா? இன்ஜினை ஓடவிட்டு, பாட்டு முழுக்க நின்று பாடிய பிறகுதான் போகச் சொன்னாள். அவன் கொடுத்த ரூபாயைத் தொடவே இல்லை.

இப்படி ஒரு மூளையும் இப்படி ஒரு மனசும் ஒரே ஆளிடம் இருக்குமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இசக்கிப்பாண்டி வியந்துகொண்டே வந்தான்.

மறுநாள் மேலநீலிதநல்லூரில் பந்தல் நிறைந்திருந்தது. சீர் வருகிற நேரம் நெருங்க நெருங்க வள்ளித்தாய் உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று அலைந்தாள். அண்ணன் வருவாரா என்பது யாருக்கும் தெரியாது. இசக்கிப்பாண்டி தட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு, வேட்டுச் சத்தம் எப்போது கேட்கும், மேளம் எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. மாமன் வரமாட்டார், முகூர்த்தம் தப்பிவிடும், வேறு ஆளைப் பாருங்கள் என்று பெரியவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். வள்ளித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். எப்படிப்பட்ட பிக்கப் கிடைத்து என்ன, பாட்டுக்கு உரியவர் வரவேண்டாமா?

அப்போதுதான் இசக்கிப்பாண்டி தெருமுனையில் அவர்களைப் பார்த்தான். இளையரசனேந்தலே கிளம்பி வந்த மாதிரிக் கூட்டம். தலைகளில் தாம்பாளம். ஆனால் ஒரு சத்தம் இல்லை. வேட்டு இல்லை. மேளக்காரர்கள் மேளத்தைத் தோளில் மாட்டிக் குச்சியை இடுப்பில் சொருகியிருந்தார்கள். பெண்கள்கூடப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் முன்னால் செல்லச்சாமி, செருப்பைக் கழற்றி ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் மெல்ல, மெல்ல என்று பின்னால் வருகிறவர்களை அமர்த்திக்கொண்டே வந்தார். சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குக்கூட மனுஷர்கள் இவ்வளவு அடக்கமாகப் போக மாட்டார்கள். இசக்கிப்பாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கை தானாகத் தட்டை வைத்து முள்ளை இறக்கியது. பாட்டு கிளம்பியதும் கூட்டம் இன்னும் மெதுவாக நடந்தது. முன்னால் வந்த மேளக்காரரிடம் என்ன விஷயம் என்று கண்ணாலேயே கேட்டான். அவர் குனிந்து அவன் காதில் சொன்னார்.

"மேளம் அடிச்சா முள்ளு குதிச்சிரும்னு அண்ணாச்சிக்குப் பயம். மறுபடியும் அப்படி ஆச்சுன்னா தங்கச்சி மொகத்துல எப்படி முழிக்கன்னு சொல்லி, ஊர் எல்லையிலயே வேட்டு, மேளம் ரெண்டையும் நிறுத்திட்டாரு. எல்லாரையும் மெல்ல நடக்கச் சொல்லுதாரு."

கோபக்காரர் என்று ஊரே பேசிய மனுஷர், ஒரு பாட்டு அறுந்துபோகாமல் இருக்க, அத்தனை பெருமையையும் தெருமுனையில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வருகிறார். நான் பிக்கப் தேடி மில்லுக்கு அலைந்தேன், இவர் மேளத்தையே நிறுத்திவிட்டாரே என்று நினைத்தபோது, தான் செய்ததெல்லாம் எம்மாத்திரம் என்று தோன்றியது. இசக்கிப்பாண்டி எழுந்து நின்று கும்பிட்டான்.

"அண்ணாச்சி, அடிக்கச் சொல்லுங்க. ஒண்ணும் ஆகாது. மாவு மில்லுக்குள்ள வச்சே பாத்தாச்சு," என்றான்.

செல்லச்சாமி அவனையும் பிக்கப்பையும் மாறி மாறிப் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று அவருக்கு நிச்சயமில்லை. அதற்குள் பாட்டைக் கேட்டு வள்ளித்தாய் வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். சத்தமில்லாமல் நிற்கும் கூட்டத்தையும், அண்ணன் கையிலிருந்த செருப்பையும் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சத்தமில்லாம வாரதுக்கு இதென்ன ஊரான் வீடாண்ணே?" என்றாள்.

செல்லச்சாமி செருப்பைக் கீழே போட்டார். மேளக்காரர்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். விழுந்தது பாருங்கள் அடி. எல்லையில் அடக்கிவைத்திருந்த வேட்டும் சேர்ந்து வெடிக்க, பந்தல் கால் அதிர்ந்தது, பெஞ்சு குதித்தது, வேப்பமரத்துக் காக்காய்கள் எல்லாம் ஊரை விட்டே பறந்தன. அண்ணன் தாம்பாளத்தை நீட்ட, தங்கச்சி அதை வாங்காமல் அவர் கையையே பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்த இசக்கிப்பாண்டி, பாட்டு முடியும் வரை அவர்கள் இருவரையுமே பார்த்துக்கொண்டிருந்தான். முள் என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.